“விடுங்க மாமா, பார்த்துக்கலாம்”: நோயாளியின் பில்லை டாக்டர் தள்ளுபடி செய்யலாமா?

கேள்வி: என் கணவர் நியூ ஜெர்சியில் சொந்தமாக கிளினிக் நடத்தும் இன்டர்னல் மெடிசின் டாக்டர். ஃப்ரன்ட் டெஸ்க்கையும் கணக்கையும் நான்தான் பார்க்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள். பிள்ளைகளோடு வந்து தங்கிவிட்ட பெற்றோர்கள் அதில் நிறைய. பலருக்கு வயதானவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகேர் மட்டும்தான், அது தராத மீதி 20 சதவீதத்துக்கு வேறு பாலிசி கிடையாது. கோயிலில் வாராவாரம் பார்க்கிற முகங்கள். பில் கட்ட வந்தால் என் கணவர் “விடுங்க மாமா, பார்த்துக்கலாம்” என்று அனுப்பிவிடுகிறார். இன்ஷூரன்ஸ் மறுத்துவிட்ட பில்லையும் அப்படியே விட்டுவிடுகிறோம். போன மாதம் ஒரு பாட்டிக்குப் போட்ட பி12 ஊசிக்கு மெடிகேர் பணம் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. என் மாமியாரையும் இவர்தான் பார்க்கிறார், அவரிடம் போய் 20 சதவீதம் கேட்பேனா? புதிதாக வேலைக்கு வந்த பில்லிங் பெண் “இது ஃபிராடு, ஜெயிலில் போடுவார்கள்” என்கிறார். “நம் பணத்தைத்தானே விடுகிறோம், யாருக்கு என்ன நஷ்டம்?” என்று கணவர் சிரிக்கிறார். தர்மம் செய்வது இந்த நாட்டில் குற்றமா?
— பெயர் வேண்டாம், நியூ ஜெர்சி

பதில்:

முதலில், அந்தப் பில்லிங் பெண்ணை வேலையை விட்டுப் போகவிடாதீர்கள். அவர் சொன்னதில் பாதி சரி, அதுவும் முக்கியமான பாதி.

கிளினிக்குகளுக்கு பில்லிங் சட்ட விவகாரங்களைப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். இந்தக் கேள்வி என்னிடம் வருஷத்துக்குப் பத்துத் தடவையாவது வரும். கேட்கிறவர்களில் மோசடிக்காரர் என்று சொல்லத்தக்கவர் யாரும் இல்லை, எல்லாருமே கூச்சக்காரர்கள். அப்பா வயதில் ஒருவர் எதிரே நிற்கும்போது 26 டாலர் கேட்கக் கூச்சம், கேட்டால் நாளைக்குக் கோயிலில் முகத்தைத் திருப்பிக்கொள்வாரோ என்று பயம். தர்மம் என்று நீங்கள் எழுதியிருக்கும் இடத்தில் பெரும்பாலும் இந்தக் கூச்சம்தான் உட்கார்ந்திருக்கிறது. தர்மத்துக்குச் சட்டத்தில் தாராளமாக இடம் உண்டு, கூச்சத்துக்குக் கிடையாது.

உங்கள் கடிதத்தில் “விடுவது” என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. இன்ஷூரன்ஸ் தன் பங்கைத் தந்த பிறகு நோயாளி தரவேண்டிய பங்கை விடுவது ஒன்று. இன்ஷூரன்ஸ் தரவே தராது என்று ஆன பில்லை விடுவது இன்னொன்று. மூன்றாவது உங்கள் மாமியார். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், எனக்குக் கவலை தருவது அந்த வரிதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் கணவரின் கேள்வியிலிருந்து தொடங்குவோம்: நம் பணத்தைத்தானே விடுகிறோம்?

அரசாங்கம் இதை அப்படிப் பார்க்கவில்லை. மத்திய சுகாதாரத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் 1994 டிசம்பரில் வெளியிட்ட மோசடி எச்சரிக்கை ஒன்று இன்றைக்கும் எங்கள் தொழிலில் பாலபாடம். அதில் வரும் கணக்கு இது. ஒருவர் தன் கட்டணம் 100 டாலர் என்று மெடிகேருக்கு எழுதுகிறார். மெடிகேர் 80 தர வேண்டும், நோயாளி 20 தர வேண்டும். அந்த 20-ஐ அவர் யாரிடமும் வாங்குவதே இல்லை என்றால் அவருடைய உண்மையான கட்டணம் 80 டாலர்தான். 80-இல் 80 சதவீதம் 64. ஆக, மெடிகேர் 64 தர வேண்டிய இடத்தில் 80 தந்துவிட்டது. அந்த 16 டாலர் பொய்க் கணக்கில் வாங்கியது.

“மெடிகேர் எங்கே எங்கள் கட்டணத்தைப் பார்த்துத் தருகிறது? அவர்களே ஒரு ரேட் வைத்திருக்கிறார்களே” என்று உங்கள் கணவர் கேட்பார். நியாயமான கேள்வி. நீங்கள் 250 என்று எழுதினாலும் அவர்கள் அனுமதிப்பது 130 என்று வைத்துக்கொள்வோம். 104 மெடிகேரிலிருந்து வரும், 26 மாமா தர வேண்டும். இந்த ரேட் முறையில் பழைய 64 டாலர் வாதம் கொஞ்சம் பலவீனமாகிவிட்டது என்பதுதான் என் சொந்த அபிப்பிராயமும். ஆனால் சட்டம் அந்த ஒரு காலில் மட்டும் நிற்கவில்லை. அந்த 26 டாலரை நீங்கள் வாங்காமல் விட்டால் அது நோயாளி கைக்கு நீங்கள் கொடுத்த 26 டாலர். பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனால் 26, உங்களிடம் வந்தால் இலவசம். மெடிகேர் பணத்தில் நடக்கும் வியாபாரத்துக்கு ஆள் சேர்க்க எதையாவது கொடுப்பதை கிக்பேக் தடைச் சட்டம் குற்றமாக வைத்திருக்கிறது. 2018 முதல் அதற்கு அதிகபட்சம் 10 வருடச் சிறை, 1,00,000 டாலர் அபராதம்.

ஜெயில் என்ற சொல்லைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அதற்கு, தெரிந்தே ஆள் பிடிக்கச் செய்தீர்கள் என்று அரசு நிரூபிக்க வேண்டும். கூச்சத்தில் விட்ட டாக்டரைக் கைவிலங்கு போட்டு அழைத்துப்போனதை நான் பார்த்ததில்லை. நான் பார்த்திருப்பது பொய்க் கிளைம் சட்டத்தின் வேலை: நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு, அதற்கு மேல் கிளைம் ஒன்றுக்கு 14,000 டாலருக்கும் மேலே அபராதம். 2010-க்குப் பிறகு, கிக்பேக்கில் விளைந்த கிளைம் எல்லாமே பொய்க் கிளைம்தான் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. புகார் கொடுத்தவருக்கு வசூலாவதில் 15 முதல் 30 சதவீதம் வரை பங்கும் உண்டு. வழக்கமாகப் புகார் கொடுக்கிறவர் யார் தெரியுமா? எச்சரித்தும் கேட்காத முதலாளியிடம் வேலை பார்த்துவிட்டு வெளியேறிய பில்லிங் ஆள். நான் ஏன் அந்தப் பெண்ணைப் பற்றி முதல் வரியிலேயே சொன்னேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. ஹெல்த் டயக்னாஸ்டிக் லேபரட்டரி என்ற ரத்தப் பரிசோதனை நிறுவனம் 2015-இல் அரசுடன் 47 மில்லியன் டாலருக்கு சமரசம் செய்துகொண்டது. டாக்டர்களுக்குப் பணம் கொடுத்தது என்பதோடு நோயாளிகள் தர வேண்டிய பங்கான கோ-பேயை வழக்கமாகத் தள்ளுபடி செய்தது என்பதும் அதன்மேல் இருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. சில மாதங்களில் கம்பெனி திவாலானது.

சரி, அப்படியானால் ஏழைக்கும் விடவே கூடாதா? விடலாம், அதற்கு வழியைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. நிபந்தனைகள் சிக்கலானவையும் இல்லை: அதை விளம்பரப்படுத்தக் கூடாது, வழக்கமாக எல்லாருக்கும் விடக் கூடாது, அந்த ஒரு நோயாளிக்கு உண்மையிலேயே பணக் கஷ்டம் என்று நல்லெண்ணத்தோடு விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். கஷ்டம் இல்லாதவரிடம் நியாயமான அளவுக்குக் கேட்டுப் பார்த்தும் வசூலாகவில்லை என்றாலும் தள்ளுபடி என்று எழுதிவிடலாம். மூன்று தடவை பில் அனுப்புவது, ஒரு தடவை போன் செய்வது, தேதியோடு குறித்து வைப்பது என்பதுதான் பெரும்பாலான கிளினிக்குகளின் வழக்கம். 26 டாலருக்காக கலெக்‌ஷன் ஏஜென்சியை ஏவிவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

“விசாரித்து” என்பதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், எல்லாரும் வழுக்கி விழுகிற இடம் அதுதான். நான் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். ரிசப்ஷனில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் ‘நிதிக் கஷ்டம்’ படிவங்கள் ஒரு கட்டு, மேலே பேனா. மெடிகேர் கார்டைக் காட்டுகிற எல்லாருக்கும் ஒரு தாள். “இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க அங்கிள்.” வருமானம் என்ற கட்டம் எல்லாத் தாளிலும் காலி. அந்த 1994 எச்சரிக்கையில், விசாரிக்காமல் வழக்கமாக வாங்கும் இத்தகைய படிவத்தை மோசடியின் அடையாளங்களில் ஒன்றாகவே எழுதியிருக்கிறார்கள். அவர்களைக் காப்பாற்றும் என்று நினைத்து வைத்திருந்த கட்டு, அவர்களுக்கு எதிரான சாட்சியாக அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒரு பக்க விதி. வீட்டில் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு, மருத்துவச் செலவு எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு எல்லையையும் எழுதி வையுங்கள். மத்திய அரசின் வறுமைக் கோட்டை வைத்துக்கொள்வது சுலபம். 2025-இல் இரண்டு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது 21,150 டாலராக இருந்தது. கோட்டின் இரண்டு மடங்கு வரை தள்ளுபடி என்று வைப்பது பலர் செய்வது. எல்லை எவ்வளவு என்று சட்டம் நிர்ணயிக்கவில்லை. ஆனால் வைத்த எல்லை, கோயிலில் பார்க்கிற மாமாவுக்கும் பெயர் தெரியாத வேறு நாட்டுக்காரருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஆளுக்கு மட்டும் என்றால் அது ஆள் சேர்ப்பதாகத்தான் தெரியும்.

இங்கே நம் வீடுகளுக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. மாமாவுக்கு இங்கே சம்பளம் இல்லை, பென்ஷன் ஊரில் வங்கியில் விழுகிறது. அவர் மகனோ டெஸ்லாவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறான். மாமா ஏழையா? கிரீன் கார்டில் 5 வருடம் இருந்து மெடிகேரை விலைக்கு வாங்கியவர்கள் பலர். மெடிகேரில் மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ-வுக்கு மட்டுமே 2025-இல் மாதம் 518 டாலர் வரை கட்ட வேண்டியிருந்தது. அதை மகன்தான் கட்டுகிறான். என்னைக் கேட்டால், யார் வருமானத்தைக் கணக்கில் எடுப்பீர்கள் என்பதை விதியிலேயே எழுதிவிடுங்கள். கவுன்டரில் முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மகன் கட்டக்கூடியவன் என்றால் பில் மகனுக்குப் போகட்டும். மாமாவிடம் கேட்கத்தானே உங்களுக்குக் கூச்சம், மகனுக்கு ஈமெயில் அனுப்ப என்ன?

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். உங்கள் மெடிகேர் நோயாளிகளில் சிலருக்கு, வருமானம் குறைந்தவர்களின் மெடிகேர் பங்கை ஏற்கும் மாநில உதவியான கியூ.எம்.பி. தகுதி இருக்கலாம். அவர்களிடம் மெடிகேரின் டிடக்டிபிளையோ (இன்ஷூரன்ஸ் தரத் தொடங்கும் முன் நோயாளி தானே கட்டும் தொகை) 20 சதவீதத்தையோ கேட்பதே சட்டப்படி தடை. அங்கே தள்ளுபடி என்ற பேச்சுக்கே இடமில்லை. கார்டைச் சரிபார்க்கும்போதே இது தெரியும்.

அடுத்தது, இன்ஷூரன்ஸ் மறுத்த பில். இங்கே பலரும் தலைகீழாக நினைக்கிறார்கள். கோ-பேயை விடுவது சின்ன விஷயம், மறுக்கப்பட்ட முழு பில்லை விடுவது பெரிய தப்பு என்று. உண்மை கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம். இன்ஷூரன்ஸ் ஒரு காசும் தராத இடத்தில், உங்கள் கட்டணத்தை நம்பி யாரும் பங்கு கொடுக்கவில்லை, ஏமாறவும் இல்லை.

ஆனால் மறுப்பு எந்த வகை என்று பார்க்க வேண்டும். உங்கள் பில்லிங் பெண்ணை அந்த பி12 ஊசிக்கு வந்த பேமென்ட் அறிக்கையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தராத தொகைக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்து இருக்கும், சி.ஓ. அல்லது பி.ஆர். சி.ஓ. என்றால் அந்தத் தொகை டாக்டர் தலையில், நோயாளியிடம் கேட்கக் கூடாது. பி.ஆர். என்றால் நோயாளியின் பொறுப்பு. பாட்டி சோர்வாக இருக்கிறது என்று சொல்லி, அதை மட்டும் காரணமாக எழுதி ஊசி போட்டிருந்தால் மருத்துவத் தேவை இல்லை என்று மறுத்திருப்பார்கள். அறிக்கையில் சி.ஓ. 50 என்று இருக்கும் என்பது என் ஊகம். ஏனென்றால் ஊசிக்கு முன்பு பாட்டியிடம் ஏ.பி.என். தாளில் கையெழுத்து வாங்கியிருக்க மாட்டீர்கள். “இதற்கு மெடிகேர் தராமல் போகலாம், சுமார் இத்தனை டாலர் ஆகும், பரவாயில்லையா?” என்று கேட்டு முன்கூட்டியே வாங்க வேண்டிய தாள் அது. அது இல்லாமல், மெடிகேர் தராது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய சேவைக்கு நோயாளியிடம் பணம் வாங்க முடியாது, வாங்கியிருந்தால் திருப்பித் தர வேண்டும். ஆக, பாட்டிக்கு நீங்கள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. வாங்க உரிமையே இல்லாத பணத்தை வாங்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்காக வருகிறவர்கள் எல்லாரிடமும் ஏ.பி.என். வாங்கிக் குவிக்கவும் வேண்டாம், கண்மூடித்தனமாக வாங்கினால் செல்லாது. “டயக்னோசிஸை மாற்றித் திருப்பி அனுப்பட்டுமா?” என்று யாராவது கேட்டால், ரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்து அது ஏற்கெனவே சார்ட்டில் இருந்தால் அது திருத்தம். இல்லையென்றால் அதுதான் அசல் ஃபிராடு.

மெடிகேர் சட்டப்படியே தராதவை தனி. காது மெஷின், மூக்குக் கண்ணாடி, வழக்கமான பல் வைத்தியம் எல்லாம் அதில் வரும். உங்கள் கிளினிக்கில் அடிக்கடி வரக்கூடியது ‘ஃபுல் பாடி செக்-அப்’. ஊரில் மாஸ்டர் செக்-அப் பார்த்துப் பழகியவர்கள் இங்கேயும் அதைத்தான் கேட்பார்கள். மெடிகேர் வருடத்துக்கு ஒருமுறை தரும் ‘வெல்னஸ் விசிட்’ வேறு. அதில் பேச்சுதான் அதிகம், அதற்கு நோயாளி ஒரு காசும் தரத் தேவையில்லை. தலை முதல் கால் வரை தட்டிப் பார்க்கும் வழக்கமான பரிசோதனைக்கு மெடிகேர் தராது. அதற்கு நீங்கள் உங்கள் விலையைச் சொல்லலாம், குறைக்கலாம், இல்லாதவருக்கு விடவும் செய்யலாம். ஆனால் “மெடிகேர் உள்ளவர்களுக்கு ஃபுல் பாடி செக்-அப் இலவசம்” என்று தமிழ்ச் சங்கப் பொங்கல் விழா மலரில் விளம்பரம் கொடுத்தால் கதை மாறிவிடும். இலவசத்துக்கு வந்தவர் அப்படியே உங்கள் நோயாளியாகி, மெடிகேர் பில் ஓடத் தொடங்கும். மெடிகேர் நோயாளிக்கு, பணமாக இல்லாமல் பொருளாகவோ சேவையாகவோ கொடுக்கும் சின்ன அன்பளிப்புக்கு அவர்கள் கண்டுகொள்ளாமல் விடுவது ஒன்றுக்கு 15 டாலர், வருடத்துக்கு மொத்தம் 75 டாலர் வரைதான். தீபாவளிக்கு ஒரு காலண்டர், ஒரு ஸ்வீட் டப்பா. அவ்வளவு தாங்கும்.

மருத்துவமனைகளுக்கு இதில் எழுத்து மூலமாகவே வழிவிட்டிருக்கிறார்கள். அட்மிட் ஆகாமல் அப்சர்வேஷனில், அதாவது கண்காணிப்பில், படுத்திருக்கும் பெரியவருக்கு அவர் வீட்டில் சாப்பிடும் அதே பிரஷர் மாத்திரையை மருத்துவமனை கொடுத்தால், மெடிகேரில் வெளிநோயாளிச் செலவுக்கான பார்ட் பி அதற்குத் தராது. அந்த மாத்திரை பில்லைக் குறைக்கவோ விடவோ செய்யலாம், எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்யுங்கள், விளம்பரம் செய்யாதீர்கள், அதை வாராக்கடன் என்று எங்கள் தலையில் கட்டாதீர்கள் என்று 2015-இல் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் சொன்னது. தராத பில்லுக்கும் தரும் பில்லின் பங்குக்கும் அரசே வித்தியாசம் பார்க்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

நீங்கள் மருத்துவமனைக்கு அனுப்பிய நோயாளி பெரிய பில்லோடு திரும்பி வந்து அழுதால், ‘சாரிட்டி கேர்’ விண்ணப்பம் கொடுத்தீர்களா என்று கேளுங்கள். நியூ ஜெர்சியில் வறுமைக் கோட்டின் 200 சதவீதம் வரை முழுமையாகவும் 300 சதவீதம் வரை பகுதியாகவும் மருத்துவமனை பில்லுக்கு உதவி உண்டு, சொத்து வரம்பும் பார்ப்பார்கள். லாப நோக்கமற்ற மருத்துவமனை என்றால் முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை நிதி உதவி விண்ணப்பத்தை வாங்கியே ஆக வேண்டும். பலர் கடன் அட்டையில் தேய்த்துவிட்டு அப்புறம்தான் இதைக் கேள்விப்படுகிறார்கள்.

தனியார் இன்ஷூரன்ஸ் பற்றிச் சுருக்கமாக. அங்கே முதலில் பார்க்க வேண்டியது நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். கோ-பேயையும் டிடக்டிபிளையும் வாங்க வேண்டும் என்று அதில் பெரும்பாலும் இருக்கும். 1991-இல் சிகாகோவிலுள்ள மத்திய அப்பீல் நீதிமன்றத்துக்கு ஒரு கைரோபிராக்டர் வழக்கு வந்தது, கென்னடி எதிர் கனெக்டிகட் ஜெனரல். இன்ஷூரன்ஸ் தருவது போதும், நோயாளி எதுவும் தர வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார். நோயாளிக்குக் கட்டவேண்டிய கடமையே இல்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஈடுகட்டவும் எதுவும் இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 20 சதவீதத்தை விட்டுக்கொடுத்தவருக்கு மீதி 80-ம் கிடைக்கவில்லை. ஃப்ளோரிடாவில், மருத்துவமனைகள் தவிர எந்த டாக்டரும் கோ-பேயையும் டிடக்டிபிளையும் தள்ளுபடி செய்வதைப் பொது வழக்கமாக வைத்திருந்தால் அது இன்ஷூரன்ஸ் மோசடி என்று சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் மாநிலத்தில் 2018-இல் வந்த சட்டம், நெட்வொர்க்குக்கு வெளியே உள்ள டாக்டர் ஆள் இழுப்பதற்காக அவற்றை விடுவதைத் தடை செய்கிறது.

ஜனவரி மாதம் டிடக்டிபிள் புதிதாகத் தொடங்கியதும் “தேதியை டிசம்பருக்கு மாற்றிப் போடுங்களேன்” என்று கேட்கும் சாஃப்ட்வேர் தம்பிகளுக்கும், விசிட்டர் இன்ஷூரன்ஸில் வந்த அம்மாவுக்கு “பில்லில் கொஞ்சம் கூட்டிப் போட்டுக் கொடுங்கள்” என்று கேட்பவர்களுக்கும் என்ன பதில் என்று உங்களுக்கே தெரியும். இன்ஷூரன்ஸே இல்லாமல் கையிலிருந்து கட்டுகிறவருக்கு நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம். ரசீதில் அவர் உண்மையில் கட்டிய தொகை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது மாமியார்.

அவருக்கும் மெடிகேர் என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். அவரிடம் 20 சதவீதம் வாங்கவில்லையே என்பது உங்கள் கவலை. அது பிரச்சினையே இல்லை. டாக்டர் தன் நெருங்கிய உறவினருக்குச் செய்யும் வைத்தியத்துக்கு மெடிகேர் பணம் தராது என்பது விதி. மனைவி, பெற்றோர், பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள், மாமனார், மாமியார், மருமகன், மருமகள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் எல்லாரும் அதில் அடக்கம். டாக்டரோடு ஒரே வீட்டில் குடும்பமாக இருப்பவர்களும் அப்படியே. பெற்ற தாயைப் பார்த்துவிட்டு மெடிகேருக்கு கிளைம் அனுப்பியிருந்தால், அந்த 80 சதவீதமே வாங்கியிருக்கக் கூடாத பணம். அவர் தன் அம்மாவைத் தாராளமாகப் பார்க்கட்டும், பில் மட்டும் போகக் கூடாது. உங்கள் அம்மா அப்பாவுக்கும் இதேதான், மாப்பிள்ளை பார்த்தாலும் மெடிகேருக்கு அது சொந்தம்தான்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக அவர் பெயரில் போன கிளைம்களை எடுங்கள், 6 வருடம் பின்னோக்கி. அதிகமாக வாங்கிய பணம் என்று தெரிந்த பிறகு 60 நாளுக்குள் தெரிவித்துத் திருப்பிக் கட்ட வேண்டும். முழுத் தொகையைக் கண்டுபிடிக்க நேர்மையாக விசாரணை நடத்திக்கொண்டிருந்தால் அந்தக் கெடுவை 180 நாள் வரை நிறுத்திவைக்க இப்போது விதி இடம் தருகிறது. தெரிந்தும் வைத்துக்கொண்டால்தான் அது பொய்க் கிளைம் சட்டத்துக்குள் போய் விழும். இந்தப் பதிலைப் படித்துவிட்டீர்கள், ஆகவே இனி உங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது, மன்னியுங்கள். திருப்பிக் கட்டுவதற்கு முன்பும், மற்ற மெடிகேர் நோயாளிகளிடம் விட்ட பழைய 20 சதவீதங்களை என்ன செய்வது என்று முடிவெடுப்பதற்கு முன்பும், நியூ ஜெர்சியில் ஹெல்த்கேர் சட்டம் மட்டுமே பார்க்கும் வக்கீல் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஃபைலைப் பார்க்காமல் இங்கிருந்து நான் அதைச் சொல்வது சரியாக இருக்காது.

அதுவரை கவுன்டரில் உங்கள் கணவர் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. மாமாவிடம் நீங்கள் பேசுங்கள்: “மெடிகேர் தந்தது போக 26 டாலர் பில் வீட்டுக்கு வரும் மாமா. கட்ட முடியாத நிலைமை என்றால் இந்தத் தாளை நிரப்பிக் கொடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.” முதல் இரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். பெரும்பாலான மாமாக்கள் பேசாமல் பையிலிருந்து செக் புத்தகத்தை எடுப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. பழைய சார்ட்டிலோ கணக்கிலோ ‘பணக் கஷ்டம்’ என்று இன்றைக்கு உட்கார்ந்து எழுதிச் சேர்க்காதீர்கள். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பதிவுக்கும் நேரம் விழுந்திருக்கும்.